ஓரெழுத்தில் ஓர் உயிர்

யோர்தான் ஆற்றின் துறைகளில் நடந்த ஒரு விசாரணையை நீதித்தலைவர்கள் நூலின் 12-ஆம் அதிகாரம் விவரிக்கிறது. போரில் தோற்ற எப்ராயிம் குலத்தார் ஆற்றைக் கடந்து தம் ஊர் திரும்ப விரும்பி வருகின்றனர். துறையைப் பிடித்து நிற்கும் கிலயாது நாட்டார், "நீ எப்ராயிமனோ?" என்று கேட்கின்றனர். "அல்லேன்" என்று விடை வந்தால், ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக் காட்டப் பணிக்கின்றனர். ‘ஷிபோலேத்’ என்பது அச்சொல். எப்ராயிமருக்கு அதன் முதலெழுத்து நாவில் திரும்புவதில்லை, ‘சிபோலேத்’ என்கின்றனர். அவ்வளவில் அவர்கள் கதை முடிந்தது. அன்று மடிந்தோர் 42,000 பேர் என்று நூல் கணக்குச் சொல்லுகிறது. கோயிலில் அடிக்கடி நம் காதில் விழும் பகுதியன்று இது. விழுந்தாலும், ஓர் எழுத்துக்காகவா இத்தனை உயிர் என்று வியந்து, கொடிய அந்தக் காலத்தோடு அதனை விட்டுவிடுகிறோம்.

அப்படி விட்டுவிடுவதற்கில்லை. இன்று அந்த ஆற்றுத்துறை மருந்துக் கடையின் மேசைக்கும் மருத்துவமனையின் மருந்தறைக்கும் இடம் பெயர்ந்திருக்கிறது. ஹைட்ராலசின் என்றொரு மருந்து உண்டு. இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இரத்த அழுத்தத்தைக் குறைப்பது. ஹைட்ராக்சிசின் என்று மற்றொன்று உண்டு. அரிப்பையும் மனப் பதற்றத்தையும் தணிப்பது. இரண்டு பெயரையும் சற்று விரைவாகச் சொல்லிப் பாருங்கள். தொலைபேசியில் ஒருவர் சொல்ல, இரைச்சல் மிகுந்த அறையில் மற்றொருவர் கேட்டு எழுதிக்கொள்ளும்போது ஒன்று மற்றொன்றாக மாறுவதற்குக் கணப்பொழுது போதும். போதாததற்கு, அகர வரிசைப்படி அடுக்கிய அலமாரியில் இரண்டு புட்டிகளும் அண்டை வீட்டுக்காரர்கள்.

இது கற்பனை அச்சமன்று. 1989-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லோசெக் என்னும் பெயரோடு வயிற்றுப் புளிப்புக்கான ஒரு மருந்து விற்பனைக்கு வந்தது. உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸ் என்னும் மருந்து அதற்கு முன்பே அங்கே வழக்கில் இருந்தது. டாக்டர்களின் கையெழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. நோயாளிகளுக்கு மருந்து மாறிப் போயிற்று. 1990-இல் லோசெக்கின் பெயரை அங்கே பிரைலோசெக் என்று மாற்றவேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவெனில், புதிய பெயர் மனச்சோர்வுக்கான புரோசாக் என்னும் மருந்தோடு குழம்பத் தொடங்கிற்று. ஒரு குழியிலிருந்து எழுந்து மற்றொன்றில் விழுந்த கதை.

அமெரிக்க மருத்துவக் கழகம் 1999-இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் தவிர்க்கக்கூடிய தவறுகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டது. அறுவைத் தவறு, நோயறிவதில் தவறு, மருந்துத் தவறு எல்லாம் அதில் அடக்கம். பெயர்க் குழப்பம் அவற்றுள் ஒரு பகுதிதான். ஆனால் மற்றத் தவறுகளுக்குத் திறமைக் குறைவோ கவனக் குறைவோ காரணம் எனலாம். இதற்கோ, நல்ல கண்ணும் நல்ல காதும் உள்ள கடமை தவறாத ஒருவரும் இரையாகலாம்.

பெயர்கள் இப்படி ஒத்திருப்பது ஏன்? மருந்துகளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று உலகப் பொதுப்பெயர். மற்றது விற்பவர் இட்ட வணிகப்பெயர். பொதுப்பெயர்களை 1950 முதல் உலகச் சுகாதார நிறுவனம் ஓர் ஒழுங்கின்படி அமைத்து வருகிறது. முதற் பட்டியல் 1953-இல் வெளியாயிற்று. தமிழில் பெயர்ச்சொற்களுக்கும் வினைச்சொற்களுக்கும் விகுதி இருப்பதுபோல், ஒரே வேலையைச் செய்யும் மருந்துகளுக்கு ஒரே ஈறு. அடெனலால், மெட்டோபிரலால், புரோப்ரனலால் ஆகியவை இதயத் துடிப்பை அடக்கும் குடும்பம். ஆம்பிசிலின், அமாக்சிசிலின் ஆகியவை பென்சிலின் குடும்பம். கற்றவர்க்கு இது பெருந்துணை. பெயரைக் கேட்டவுடன் வேலை தெரிந்துவிடும். ஆனால் அதே ஒழுங்கு பெயர்களை இரட்டைப் பிள்ளைகளாக்கியும் விடுகிறது. வணிகப்பெயருக்கோ ஒழுங்கே இல்லை. நாவில் எளிதாக நிற்கவேண்டும் என்பதொன்றே குறிக்கோள். நாவில் எளிதாக நிற்கும் அசைகள் எந்த மொழியிலும் குறைவு. பெயர் வைப்போர் மீண்டும் மீண்டும் அவற்றிடமே போகின்றனர்.

கட்டிலருகே வந்த மருந்தாளுநர்

முற்காலத்தில் கம்பவுண்டர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தார். சீட்டு வரும், மருந்து போகும், நோயாளியின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தில் மருத்துவரோடு மருந்து கலப்போரையும் சேர்த்து நினைவுகூர்ந்திருந்தும், மருத்துவரோடு மருந்தாளுநருக்கும் பாதுகாவலராகப் புனித கோஸ்மாஸ், தமியான் சகோதரர்களைத் திருச்சபை வைத்திருந்தும், உலகம் அவரைக் கடைக்காரராகவே கருதிற்று. 1966-இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒன்பதாம் மாடியில் ஒரு புதுமுயற்சி தொடங்கிற்று. மருந்தாளுநர்களும் மாணவர்களும் நோயாளிகள் இருக்கும் கூடத்துக்கே வந்து, யாருக்கு எந்த மருந்து, எந்த அளவு, எதனோடு எது சேரலாகாது என்பதை டாக்டரோடும் செவிலியரோடும் உடனிருந்து கவனித்தனர். நோயாளியை நடுவில் வைத்த இம்மருந்தியல் அங்கிருந்துதான் வேர்கொண்டது. கட்டிலருகே வந்த பின்னரே மருந்துத் தவறுகளைக் கண்டு எழுதி வைக்கும் பழக்கமும் உறுதிப்பட்டது. பெயர்க் குழப்பம் என்பது எத்தனை பெரிய தொல்லை என்று உலகம் அறிந்தது அக்குறிப்புகளால்.

அறிந்தால் போதுமா? வழக்கிலுள்ள பெயர்கள் ஆயிரக்கணக்கானவை. புதிதாக ஒரு பெயர் வந்தால் அதனை ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஆயிரம் பெயர்கள் இருந்தால், அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஏறக்குறைய ஐந்து லட்சம் இணைகள் ஆகும். மனிதர் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையன்று இது. கணிப்பொறிக்கு ஏற்றது. ஆனால் கணிப்பொறிக்குக் காதில்லை. இரண்டு சொற்கள் ஒன்றுபோல் ஒலிக்கின்றன என்பதை அதற்கு எவ்வாறு சொல்லிக் கொடுப்பது?

எழுத்தை எண்ணும் கணக்கு

இலினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ மருந்தியல் கல்லூரியில் பணியாற்றிய புரூஸ் லாம்பர்ட் என்பவர் 1997-இல் இதற்கொரு வழி காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட கருவிகள் புதியவை அல்ல. அவற்றுள் ஒன்று, ரஷ்யக் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் வகுத்தது. ஒரு சொல்லை மற்றொரு சொல்லாக்க எத்தனை எழுத்துகளை மாற்றவோ சேர்க்கவோ நீக்கவோ வேண்டும் என்று எண்ணுவது அம்முறை. ‘மருந்து’ என்பதை ‘விருந்து’ ஆக்க ஓரெழுத்தை மாற்றினால் போதும். ஆகவே இரண்டுக்கும் இடையே தொலைவு ஒன்று. ‘கடை’ என்பதை ‘கடலை’ ஆக்கவோ தொலைவு இரண்டு. தொலைவு குறையக் குறையக் குழப்பம் கூடும் என்பது எதிர்பார்ப்பு.

மற்றொரு முறை, சொல்லை இரண்டிரண்டு எழுத்துகளாகப் பிரித்து எண்ணுவது. ‘கட்டில்’ என்பதில் ‘கட்’, ‘ட்டி’, ‘டில்’ என மூன்று இணைகள். ‘தொட்டில்’ என்பதில் ‘தொட்’, ‘ட்டி’, ‘டில்’ என மூன்று. மூன்றில் இரண்டு பொது. ஆகவே இவை நெருங்கிய சொற்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்யக்கூடிய கணக்கு இது. உண்மையான மருந்துக் குழப்பங்களோடு ஒத்துப் பார்த்தபோது, இக்கணக்குகள் குழம்பிய இணைகளைக் குழம்பாத இணைகளிலிருந்து பெருமளவு பிரித்துக் காட்டின.

ஆயினும் ஒரு குறை நின்றது. எழுத்தை எண்ணும் கணக்குக்கு இரண்டு எழுத்துகள் ஒன்றாக இருக்கும், அல்லது வேறாக இருக்கும். இடையில் எதுவும் இல்லை. ‘ப’ என்பதும் ‘ம’ என்பதும் இதழில் பிறக்கும் உறவினர் என்று அதற்குத் தெரியாது. வயிற்றுப் புளிப்புக்கு வழங்கி, 2020-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து நீக்கப்பட்ட சான்டாக் என்னும் மருந்தையும், மனப் பதற்றத்துக்கு வழங்கும் சனாக்ஸ் என்னும் மருந்தையும் பாருங்கள். ஆங்கிலத்தில் முன்னது ‘இசட்’ என்னும் எழுத்திலும் பின்னது ‘எக்ஸ்’ என்னும் எழுத்திலும் தொடங்குகின்றன. கண்ணுக்கு அவை வேறு. செவிக்கோ தொடக்கம் ஒன்றே. எழுத்தை மட்டும் எண்ணுகிறவர் இதனைப் பிடிக்க முடியாது. ஒலியை நிறுக்கும் தராசு வேண்டும்.

அந்தத் தராசு மருந்தியலில் பிறக்கவில்லை என்பதே நாம் சொல்ல வந்த செய்தியின் கரு.

கிரீ மொழியும் ஒரு மாணவரும்

1990-களின் பிற்பகுதியில் கனடாவிலுள்ள டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி இயலில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தார் கிரெக் கோண்ட்ராக் என்னும் மாணவர். அவர் எடுத்துக்கொண்ட பொருள், ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்த மொழிகளில் உறவுச் சொற்களைக் கணிப்பொறியைக் கொண்டு கண்டுபிடிப்பது. நமக்கு இது அயலான செய்தியன்று. நாம் ‘பால்’ என்பதைக் கன்னடர் ‘ஹாலு’ என்பர். நமது ‘பத்து’ அவர்க்கு ‘ஹத்து’. நமது ‘பல்’ அவர்க்கு ‘ஹல்லு’. பகரம் ஹகரமாயிற்று என்னும் விதியைக் கண்டுகொண்டால் இச்சொற்கள் உடன்பிறப்புகள் என்பது விளங்கும். 1856-இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது இத்தகைய சொற்களைத்தான் வரிசைப்படுத்தினார். அவர் கையால் செய்ததைப் போன்ற வேலையைப் பொறி செய்யுமா என்பது அம்மாணவரின் கேள்வி. சோதித்துப் பார்க்க அவர் முக்கியமாக எடுத்துக்கொண்டவை கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் பழங்குடிகளின் அல்கான்கிய மொழிகள். கிரீ, ஒஜிப்வா, ஃபாக்ஸ், மெனாமினி என்பன.

ஒலிகளை நிறுக்க அவர் அமைத்த முறைக்கு ‘அலைன்’ என்று பெயர். 2000-ஆம் ஆண்டில் அது வெளியாயிற்று. ஒவ்வோர் ஒலியையும் ஒரு தனி எழுத்தாகக் கொள்ளாமல் அதன் கூறுகளாகப் பிரிக்கிறது அம்முறை. வாயில் எவ்விடத்தில் பிறக்கிறது? காற்றை அடைத்துத் திறக்கிறதா, உரசிக்கொண்டு போகிறதா? தொண்டை அதிர்கிறதா? மூக்கு வழியே வருகிறதா? பிறக்கும் இடத்துக்கும் பிறக்கும் முறைக்கும் மிகுந்த எடை. தொண்டை அதிர்வுக்குக் குறைந்த எடை. இவ்வாறு நிறுத்தால் ‘ப’வும் ‘ம’வும் அருகருகே நிற்கும், ‘ப’வும் ‘ச’வும் விலகி நிற்கும். எழுத்துகளின் பிறப்பிடத்தை இதழ், நா, பல், அண்ணம் என்று வகுத்து ஓர் இயலே எழுதி வைத்த தொல்காப்பியர் வழிவந்தவர்க்கு இது வியப்பாக இராது. மகிழ்ச்சியாக இருக்கலாம்.

ஆராய்ச்சி முடிந்து 2002-இல் நூல் சமர்ப்பிக்கப்பட்டது. அமெரிக்கப் பழங்குடிகளின் சொற்களில் உறவு தேடும் இந்தப் படிப்பால் யாருக்கு என்ன பயன் என்று, கல்லூரிக் கட்டணம் கட்டுகின்ற எந்தத் தந்தையும் கேட்டிருப்பார். நம் பங்குகளிலும் இக்கேள்வி ஓயாமல் கேட்கிறது. மகன் மருந்தியல் படிக்கப்போகிறான் என்றால் வீட்டில் சர்க்கரைப் பொங்கல். மகள் மொழியியல் படிக்கப்போகிறாள் என்றால் பெருமூச்சு.

இவ்விடத்தில் ஓர் இயேசு சபைக் குருவை நினையாமல் இருக்க முடியவில்லை. இத்தாலியில் விசென்சா நகரில் 1913-இல் பிறந்த ரொபெர்த்தோ பூசா அடிகள், உரோமைக் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்காகப் புனித தோமா அக்வினாரின் நூல்களில் ‘உடனிருத்தல்’ என்னும் கருத்தை ஆராய்ந்தார். நூல்களைப் புரட்டப் புரட்ட, அக்கருத்து பெரிய சொற்களில் இல்லை. ‘இன்’ என்னும் சின்னஞ்சிறு இலத்தீன் சொல்லில் ஒளிந்திருக்கிறது என்று கண்டார். நமது ஏழாம் வேற்றுமை உருபாகிய ‘இல்’ போன்றது அது. அச்சொல் வரும் இடங்களையெல்லாம் 10,000 அட்டைகளில் கையாலேயே எழுதினார். 1946-இல் பட்டம் கிடைத்தது. அதோடு நிற்காமல், புனித தோமாவின் எல்லாச் சொற்களுக்கும் இப்படி ஓர் அடைவு வேண்டும் என்று விரும்பி, 1949-இல் நியூயார்க் சென்று ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைக் கண்டு பொறியின் உதவி கேட்டார். ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் சொற்களுக்கான அவ்வடைவு, 1974 முதல் 1980 வரை 56 பெருந்தொகுதிகளாக அச்சாயிற்று. கணிப்பொறியை மொழியின்பால் திருப்பிய முன்னோடிகளுள் அவர் பெயரை உலகம் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. 2011-இல் அவர் மறைந்தபோது வயது 97. ‘இல்’ என்னும் உருபை எண்ணுவதற்கு ஒரு குரு எதற்கு என்று அன்று கேட்டவர்களும் இருந்திருப்பர்.

கண்ணும் காதும்

டொராண்டோ மாணவரின் கதைக்குத் திரும்புவோம். அவர் பின்னர் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மொழிக் கணிப்பியல் பேராசிரியையாக இருந்த பானி டார் என்பவரோடு சேர்ந்து, உறவுச் சொற்களைத் தேடப் பயன்பட்ட அதே தராசில் மருந்துப் பெயர்களை வைத்தார். எண்ணிப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விதான். இச்சொற்கள் ஒலியில் எவ்வளவு நெருங்கியவை என்பதே இரண்டிலும் கேட்கப்படுவது. மொழியியலார்க்கு நெருக்கம் நற்செய்தி. மருந்தியலார்க்கு அது துர்ச்செய்தி.

2004-இல் ஜெனீவா நகரில் நடந்த உலக மொழிக் கணிப்பியல் மாநாட்டில் அவர்கள் தம் முடிவை வெளியிட்டனர். கேட்பதில் குழம்பும் பெயர்கள் மட்டும் அடங்கிய பட்டியலில், ஒலியை நிறுக்கும் ‘அலைன்’ எழுத்தை எண்ணும் முறைகளை வென்றது. பார்ப்பதிலும் கேட்பதிலும் குழம்பும் பெயர்கள் கலந்த பட்டியலில், இரண்டிரண்டு எழுத்துகளை வரிசை பிறழாமல் ஒப்பிடும் ‘பைசிம்’ என்னும் அவர்களுடைய புதிய முறை, வழக்கிலிருந்த மற்ற முறைகளை விஞ்சிற்று. அம்முறை சொல்லின் முதலெழுத்துக்குச் சற்று மிகுந்த எடை தருகிறது. நமது புலவர்கள் மோனைக்குத் தரும் முதன்மை அது. முதலெழுத்து ஒன்றினால் சொற்கள் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதை அவர்கள் எப்போதோ அறிந்திருந்தனர். ஆனால் இரண்டு பட்டியல்களிலும் எல்லாவற்றையும் விடச் சிறந்த பயன் தந்தது பல முறைகளைச் சேர்த்துப் பார்ப்பதே. நமக்கு இம்முடிவு மிகவும் பிடித்திருக்கிறது. மருந்து கொடுப்பவர் கண்ணாலும் தவறலாம், காதாலும் தவறலாம் அன்றோ?

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் புதிய மருந்துப் பெயர்களைச் சோதிக்கப் ‘போக்கா’ என்னும் கணிப்பொறிக் கருவியைப் பயன்படுத்துகிறது. ஒலியையும் எழுத்தையும் ஒருங்கே ஒப்பிடும் அக்கருவியில் இம்முறைகள் இடம்பெற்றன. பழங்குடிச் சொற்களில் பழகிய கணக்கு, அந்நாட்டில் மருந்துக்குப் பெயர் வைப்போரின் வாசலில் காவல் நிற்கிறது. இரண்டு பெயர்களுக்கிடையே ஒப்புமை நூற்றுக்கு 70 அல்லது அதற்கு மேல் என்று கருவி காட்டினால், மிகுந்த ஒப்புமை. 55 முதல் 69 வரை நடுத்தரம். அதற்குக் கீழே குறைவு. எண் வந்தவுடன் வேலை முடிந்ததாகாது. இரண்டும் ஒரே அளவில் வருகின்றனவா, ஒன்று ஊசியாகவும் மற்றது மாத்திரையாகவும் இருக்கிறதா, ஒருவருக்கு மற்றவர் மருந்து போனால் விளையும் கேடு என்ன என்பதையெல்லாம் மனிதரே இருந்து ஆராய்கின்றனர். பெயரைக் கையால் எழுதிக் காட்டியும் வாயால் சொல்லியும் பலரைப் படிக்கவும் கேட்கவும் வைத்துச் சோதிப்பதும் உண்டு.

இவ்வளவு காவலையும் தாண்டிக் குழப்பம் நுழைவதுண்டு. பிரிண்டெலிக்ஸ் என்னும் மனச்சோர்வு மருந்து, இரத்தம் உறையாமல் காக்கும் பிரிலிண்டா என்னும் மருந்தோடு மாறிப்போனதாகப் பல புகார்கள் வந்த பின்னர், 2016-இல் அதன் பெயர் டிரிண்டெலிக்ஸ் என்று மாற்றப்பட்டது. இரண்டு பெயருக்கும் முதலசை ஒன்று என்பதைக் கவனியுங்கள். சந்தைக்கு வந்த பெயரை மாற்றுவது எளிதன்று. பழைய பெயர் டாக்டர்களின் கையில் படிந்துவிடுகிறது. ஆகவே பெயர் வைக்கும் நாளிலேயே கண்டிப்பு வேண்டும் என்பது நம் எண்ணம். 2007-இல் உலகச் சுகாதார நிறுவனம் நோயாளிகளின் பாதுகாப்புக்காக ஒன்பது தீர்வுகளை வெளியிட்டபோது, பட்டியலில் முதலாவதாக நின்றது இந்தப் பெயர் ஒப்புமையே.

நம் நாட்டில்

இந்தியாவில் இச்சிக்கல் உச்சநீதிமன்றம் வரை போயிருக்கிறது. மூளையைத் தாக்கும் கொடிய மலேரியாவுக்கு ஃபால்சிகோ என்றொரு மருந்து. அதே நோய்க்கு வேறொரு நிறுவனத்தின் ஃபால்சிடாப் என்னும் மருந்து. அந்நோயை உண்டாக்கும் கிருமியின் பெயரிலிருந்து இரண்டு நிறுவனங்களும் முதலசைகளை எடுத்துக்கொண்டன. ஆனால் உள்ளிருக்கும் மருந்து வேறு. முன்னதில் ஆர்ட்டிசுனேட், பின்னதில் மெஃப்ளோகுயின். நிறுவனங்களின் பெயரும் ஏறக்குறைய ஒன்றே என்பது கதைக்குச் சுவை கூட்டுகிறது. காடிலா ஹெல்த் கேர், காடிலா பார்மசூட்டிகல்ஸ். 2001 மார்ச் மாதத்தில் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மற்றப் பண்டங்களின் பெயர்களைவிட மருந்துப் பெயர்களைக் கடுமையான அளவுகோலால் அளக்கவேண்டும் என்றது. பல மொழிகள் வழங்குவதும், எழுதப் படிக்கத் தெரியாதார் பலர் வாழ்வதுமான நாட்டில், ஆங்கிலம் அறிந்த நாடுகளின் அளவுகோலை அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை என்றும் அது கருதிற்று. இக்கடைசிக் கருத்தை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

அதன் பிறகு விதிகள் சில வந்தன. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதவேண்டும் என்று 2016-இல் டாக்டர்களுக்கு விதி செய்யப்பட்டது. புதிய வணிகப்பெயரோடு உரிமம் கேட்போர், அப்பெயர் வழக்கிலுள்ள பெயர்களோடு குழம்பாது என்று உறுதி தரவேண்டும் என்று 2019-இல் மருந்து விதிகள் திருத்தப்பட்டன. உறுதி தருபவர் விற்பவரே என்பதுதான் சற்று உறுத்துகிறது. மாப்பிள்ளையின் குணத்துக்கு மாப்பிள்ளையிடமே சான்று வாங்குவது போன்றது அது.

நம் மாணவர்க்குரிய வேலையும் இங்கேதான் காத்திருக்கிறது. ‘அலைன்’ முறையின் தராசு எல்லா மொழிக்கும் பொதுவான ஒலிக்கூறுகளால் ஆனது. எந்தக் கூறுக்கு எவ்வளவு எடை என்பதை மாற்றிக்கொள்ளலாம். தமிழ்க் காது கேட்பது ஆங்கிலக் காது கேட்பதன்று. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகளாக நிற்பவற்றுக்குத் தமிழில் ‘ப’ ஒன்றே. ‘க’வும் ‘ட’வும் அவ்வாறே. ‘ஃப’ பலர் வாயில் பகரமாகிறது; ‘இசட்’டின் ஒலி சகரமாகவோ ஜகரமாகவோ ஆகிறது. ஆங்கிலேயருக்குத் தெளிவாக வேறுபடும் இரண்டு பெயர்கள் நம் கிராமத்து முதியவர் வாயில் ஒன்றாகிவிடலாம். நாமும் ஒரு வகையில் ‘சிபோலேத்’ என்பவர்களே. நம் நாவுக்குச் சிறப்பான ல, ள, ழ வேறுபாட்டைப் பயன்படுத்தி யாராவது மருந்துக்குப் பெயர் வைத்தால் நமக்கு வசதியாக இருக்கும், அதற்கு வழியில்லை. ஒத்த பெயர்களில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் உபாயம் மேல்நாட்டு மருத்துவமனைகளில் உண்டு. தமிழெழுத்தில் பெரியது சிறியது என்ற பேதம் கிடையாது. ஆகவே அவ்வுபாயத்தைத் தமிழில் அப்படியே எழுத இயலாது. மருந்தியல் மாணவர் ஒருவரும் மொழியியல் மாணவர் ஒருவரும் ஒரு மேசையில் அமர்ந்தால்தான் இவற்றுக்கு விடை காணலாம்.

மருந்தியல் பக்கத்து மாணவர்கள் ஏற்கெனவே நம் நடுவில் வந்துவிட்டனர். 2008-இல் இந்திய மருந்தியல் கழகம் ஆறாண்டு ‘ஃபார்ம்.டி.’ படிப்பைத் தொடங்கிற்று. இறுதியாண்டு முழுவதும் மருத்துவமனையில் பயிற்சி. 2010-இல் மருந்துகளின் தீய விளைவுகளைக் கண்காணிக்கும் நாடு தழுவிய திட்டமும் தொடங்கிற்று. வெள்ளை அங்கியோடு கட்டிலருகே வந்து, "வீட்டிலிருக்கும் மாத்திரைகளையெல்லாம் கொண்டு வந்தீர்களா?" என்று கேட்கும் இளைஞரைக் கண்டால், அவர் டாக்டர் அல்லர் என்று அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். நம் முதியவர்கள் மாத்திரைகளைப் பெயரால் அறிவதில்லை; ‘காலையில் போடும் வெள்ளை’, ‘இராத்திரிச் சின்னது’ என்றே அறிவர். நிறுவனம் மாறினால் நிறமும் மாறிவிடும். பையைக் கொட்டிவைத்து, ஒவ்வோர் அட்டையையும் திருப்பி, உள்ளிருக்கும் மருந்தின் பொதுப்பெயரைப் படித்து, இது எதற்கு என்று கேட்டு எழுதுவது அம்மாணவரின் வேலை. ஒரே மருந்து இரண்டு வணிகப்பெயர்களில் இரண்டு வேளையும் உள்ளே போய்க்கொண்டிருப்பது சில வேளை அப்போதுதான் தெரியவரும்.

‘இது எதற்கு’ என்பது சீட்டிலேயே இருந்தால் இன்னும் நல்லது. மருந்தின் பெயருக்கு எதிரே ‘இரத்த அழுத்தத்துக்கு’ என்றோ ‘அரிப்புக்கு’ என்றோ ஒரு சொல் எழுதப்பட்டிருந்தால், கடைக்காரர் ஹைட்ராலசினுக்குப் பதில் ஹைட்ராக்சிசினை எடுத்தாலும், சீட்டும் புட்டியும் ஒன்றையொன்று மறுத்துப் பேசும். அந்த ஒரு சொல்லை எழுதித் தரும்படி டாக்டரிடம் பணிவாகக் கேட்கலாம். வீட்டுக்கு வந்தபின் அட்டையின்மேல் தமிழில் அதனை எழுதி ஒட்டுவதற்குப் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளை போதும்.